இடக்கைப் படை

முந்நூற்றுப் பதினெட்டுக் காலாட்களுக்கும், அறுபத்து நான்கு குதிரை வீரர்களுக்கும், ஒன்பது பீரங்கிகளுக்கும், ஓர் அரசருக்கும் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே தலைவராக விளங்கியவரும், எந்தப் போரிலும் தோற்காதவரும் (எதிலும் கலந்துகொள்ளாததும் ஒரு காரணம்), கள்ள எடைக்கற்களின் எமன் என்று கடைத்தெரு முழுக்க அஞ்சப்பட்டவருமான ஜெனரல் அவர்கள், இன்று காலை ஆறு பத்துக்குத் தம் சொந்தக் கட்டிலில், சொந்தப் போர்வைக்குள், வலது ஆள்காட்டி விரல் நகத்தில் நீல வண்ணத்துடன் காலமானார் என்பதை உலகம் அறிவதாக.

உலகம் அறியும் முன்பு அந்த நீலத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவருடைய மகள் கட்டிலோரம் மண்டியிட்டு, பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, கடைசி முரசுக்காரனின் கோட்டுக்கு அவர் பூசிய நீலம். பாதி கோட்டில், மீதி நகத்தில்.

"விடுடி," என்றாள் அம்மா. "போற இடத்துல நகத்தையா பாக்கப்போறாங்க."

அம்மா ஆக்ஸிஜன் மெஷினை அணைத்தாள். ஒன்றரை வருடமாக வீட்டுக்குள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்தப் பெட்டி கடைசியாக ஒருமுறை உறுமிவிட்டு ஓய்ந்தது. அடுத்து அவள் செய்த காரியம் கூடத்து ஜன்னலைத் திறந்தது. தூசி வந்து படையின் மேல் படியும் என்று இருபத்தாறு வருடமாகத் திறக்காத ஜன்னல். கொக்கி துருவேறி இறுகியிருந்தது. டார்ச் லைட்டின் அடிப்பாகத்தால் நான்கு தட்டு தட்ட வேண்டியிருந்தது. காற்று வந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்க்கும் சத்தமும் வந்தது. அழுகை வரும் என்று இருவரும் சற்று நேரம் காத்திருந்தார்கள். அது வருவதாகத் தெரியவில்லை. அம்மா டீ போடப் போனாள்.

மகளுக்கு முதலில் தோன்றியது ஒரே ஒரு சொல்தான்: அப்பாடா. இனிமேல் யாரும் அவரிடம் போய்ச் சொல்லிவிட முடியாது.

எதை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜெனரல் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்த பெயர். கொசு மட்டையைத் தவிர வேறு ஆயுதத்தைக் கையால் தொடாத மனிதர் அவர். எடையளவு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசைத் தட்டிப் பார்த்து, எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்து, அரைக் கிராம் குறைந்தாலும் பறிமுதல். "தப்புன்னா தப்பு. அதுல சின்ன சைஸ், பெரிய சைஸ் கிடையாது" என்பது அவருடைய திருவாக்கு. அந்தத் தராசை மாலையில் வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார். மகள் பத்து வயதில் வரைந்த மாட்டுக்குக் கொம்பு காதுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விசாரணை நடந்தது. உப்பு கூடிப்போன ஒருநாள் அம்மாவுக்கு எழுத்து மூலமாகவே குறிப்பு கொடுத்தார். தேதி போட்டு.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியைச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தாள். வெள்ளைக் குதிரையில் ஓர் அரசர் ஆற்றில் இறங்குகிறார். பின்னால் படை வந்துகொண்டே இருக்கிறது. எந்த அரசர், எந்த ஆறு, யாரோடு சண்டை என்பதையெல்லாம் ஜெனரல் மணிக்கணக்கில் சொல்வார். கேட்டவர்கள் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. ஓவியத்தில் உள்ள ஒவ்வோர் ஆளையும் விரல் உயர ஈய உருவமாகச் செய்து நிறுத்திவிடுவது என்று அன்றே முடிவெடுத்தார். வண்ணம் பூசாத உருவங்களைத் தபாலில் வரவழைத்தார். பூதக்கண்ணாடி விளக்கு வந்தது, பூஜ்யம் நம்பர் பிரஷ்கள் வந்தன, டர்பன்டைன் வாடை வந்தது. சாப்பாட்டு மேசை ஆற்றங்கரையானது. அன்று முதல் அந்தக் குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

ஒரே ஒரு சிக்கல். தபாலில் வந்த குதிரை வீரர்கள் எல்லோரும் வலக்கையில் வாள் பிடித்திருந்தார்கள். ஓவியத்தில் எல்லோருக்கும் வாள் இடக்கையில் இருந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் படத்தைச் சந்தேகித்திருப்பான். ஜெனரல் நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பம் ஒன்றை வாங்கி, அறுபத்து நான்கு குதிரை வீரர்களின் கைகளையும் தோளோடு அறுத்து, பக்கம் மாற்றி ஒட்டி, இடுக்கில் பட்டி வைத்துத் தேய்த்தார். ஒரு குதிரை வீரனுக்கு ஒரு வாரம். அப்புறம் உட்கார்ந்து கட்டுரை எழுதினார்: 'இடக்கைப் படை: மறைக்கப்பட்ட ஒரு வரலாறு'. பத்தொன்பது பக்கம். எதிரியைத் திணறடிக்க அந்த அரசர் இடக்கைக்காரர்களாகவே பொறுக்கிச் சேர்த்தாராம். உறை வலது இடுப்பில் தொங்குகிறதா, அதுவே சான்று. கோட்டுப் பொத்தான் பக்கம் மாறியிருக்கிறதா, அதுவும் சான்று. எதிர்த்துச் சாட்சி சொல்ல வந்த ஒவ்வொரு பொத்தானையும் அவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கல்யாணமாகி, அது சரிப்படாமல் திரும்பி வந்து பதினாலு வருடமாக இதே வீட்டில் இருக்கிறாள். எக்ஸ்ரே படத்தில் இதயம் நோயாளிக்கு வலப்பக்கமாகத் தெரிந்தால் அவர் அதிசயப் பிறவி என்று அர்த்தமில்லை, படத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அது பயிற்சியின் முதல் வாரப் பாடம். பதினோரு வருடத்துக்கு முன்னால், மணிக்கட்டு முறிந்து வந்த ஓர் ஓவிய ஆசிரியை வெளிப் பெஞ்சில் ஒரு தடித்த புத்தகத்தை விட்டுவிட்டு உள்ளே போனார். சும்மா இருக்க முடியாமல் இவள் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அதே அரசர், அதே வெள்ளைக் குதிரை, எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். வாள்கள் எல்லாம் வலக்கையில் இருந்தன.

அன்று அவள் கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. மாட்டுக் கொம்புக்குப் பதில் சொல்லியாயிற்று. கதவைத் திறந்தால், அப்பா தனியாக நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். அந்தக் கட்டுரைக்காக, அவரைப் போலவே பொம்மைப் படை சேர்ப்பவர்களின் சங்கம் கொடுத்த மெடல் அன்றுதான் வந்திருந்தது. பிஸ்கட் அளவு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே குத்தியதால் அது வலது மார்பில் இருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றவர் இவளைப் பார்த்ததும் மூச்சை விட்டார்.

"நேரா இருக்கா?" என்று கேட்டார். அவர் அவளிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நேராத்தான் இருக்குப்பா," என்றாள்.

மறுநாள் அவர் தூங்கும்போது சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தாள். சட்டத்துக்குள் மறைந்திருந்த மூலையில் ஓவியனின் கையெழுத்து இருந்தது, கண்ணாடியில் காட்டினால் மட்டும் படிக்க முடிகிற மாதிரி. ஆணிகளைப் பழையபடி அடித்து மாட்டினாள்.

அதற்கப்புறம் பதினோரு வருடக் காவல். இணையத்தால் ஆபத்தில்லை, அதை அவர் முத்திரையில்லாத எடைக்கல் என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஆபத்து அருங்காட்சியகத்தில் இருந்தது. அசல் ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்றார். ஓவியத்தைப் பழுது பார்க்கிறார்களாம், கூடம் மூடியிருக்காம் என்று அவள் சொன்னாள். அடுத்த வருடம் கேட்டார். இன்னும் பழுது பார்க்கிறார்கள் என்றாள். மனிதர்களுக்கே அவ்வளவு காலம் வைத்தியம் நடந்ததில்லை. விசாரித்து அவர் எழுதிய மூன்று கடிதங்களும் அவளுடைய கைப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே அலமாரியில் தங்கிவிட்டன. நுரையீரல் கெட்டு அவர் படுத்தபோது டாக்டர் சொன்ன முதல் நிபந்தனை, இனி பயணம் கூடாது என்பது. அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அதற்காக அன்று முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்று காலை ஆறு பத்துக்குக் காவல் முடிந்தது. ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது.

பேசியது சிற்றுருவப் படை சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சங்கத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் பதவியில் இருந்தார்கள். ஏழாவது ஆள் தேர்தலில் தோற்றவர். ஆளுக்கொரு ஓவியம், ஆளுக்கொரு படை. அடுத்தவர் ஓவியத்தை ஆராய்வது அடுத்தவர் இலையை எட்டிப் பார்ப்பது மாதிரி என்று யாரும் அதைச் செய்வதில்லை.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தம் வருத்தத்தைப் பத்து நிமிடம் தெரிவித்தார். பிறகு, "துக்கத்துல இருப்பீங்கம்மா. ஆனா விதி விதிதான். மத்தியானம் ரெண்டரைக்கு இறுதிச் சரிபார்ப்புக்கு வர்றோம். உங்கப்பாவே கொண்டுவந்த தீர்மானம்," என்றார்.

அதை அவள் மறந்தே போயிருந்தாள். அலுவலகத்தில் மூல எடைக்கற்களைச் சீல் வைத்துப் பாதுகாப்பதைப் போல, ஒவ்வொரு உறுப்பினரின் ஓவியத்துக்கும் அருங்காட்சியகத்திலிருந்தே ஓர் அத்தாட்சிப் பிரதி தருவித்து, குழலில் அடைத்து, அரக்கு வைத்து, செயலாளர் வீட்டுப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். உறுப்பினர் இறந்த அன்று உடல் வீட்டை விட்டுப் போகும் முன் அதைப் பிரித்து, படையோடு ஒப்பிட்டு, 'குறையில்லை' என்று சான்றிதழ் தர வேண்டும். பதினைந்து வருடம் முன்பு ஜெனரல் முன்மொழிந்தார், எல்லோரும் கைதட்டினார்கள். செத்த பிறகு நடப்பதற்குக் கைதட்டுவது சுலபம். இதுவரை ஒரே ஒருவருக்கு அது நடந்திருக்கிறது. அவர் படையில் மூன்று எக்காள வீரர்கள் அதிகம் இருந்ததாகக் கண்டுபிடித்து, சவப்பெட்டியின் முன்னால் வைத்தே பதிவேட்டில் அவர் பெயரை அடித்தார்கள். அடிக்கச் சொன்னது ஜெனரல்தான். அந்த வீட்டம்மா இன்றும் சங்கத்துக்காரர் யாரையாவது கண்டால் வேறு தெருவில் போகிறார்.

நாலு மணிக்கு வண்டி வரும். அதுவரை அப்பா தப்பே செய்யாதவராக இருந்தால் போதும். அவளுக்கு வேறு ஆசையில்லை.

சுவரில் உள்ள படத்தைக் கழற்றி ஒளித்தால் என்ன என்று யோசித்தாள். பிரயோஜனமில்லை, மேசை நிறைய முந்நூற்றுச் சொச்சம் இடக்கைச் சாட்சிகள் நின்றன. மேசையை உள்ளே தள்ளலாம் என்றால் அது கதவில் நுழையாது. மேசையைப் போட்டுவிட்டுத்தான் சுவர் எழுப்பினார்களோ என்று அம்மாவுக்கு நெடுநாளாகச் சந்தேகம். ஆகக் கடைசியில், கூடத்தில் இரண்டு பெஞ்சு போட்டு, பெட்டியை வைத்து, ஜெனரலை அவருடைய படைக்குப் பக்கத்திலேயே கிடத்த வேண்டியதாயிற்று. அம்மா மெடலை எடுத்து வந்து வலது மார்பில் குத்தினாள்.

"அந்தப் பக்கமாம்மா?" என்றாள் மகள்.

"அவர் எப்பவும் அங்கதான் குத்துவாரு," என்றாள் அம்மா.

மத்தியானத்துக்குள் குடியிருப்பிலிருந்து எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் போகவில்லை. நாற்பது வருடமாக அக்கம்பக்கத்து ஆண்களுக்கெல்லாம் கோட்டும் சட்டையும் தைத்துக் கொடுத்தவர். அவர் துணியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும் என்பதால், உயிரோடிருந்தவரை ஜெனரல் அவரை மேசைக்கு ஆறடி தள்ளியே நிறுத்தி வைத்திருந்தார். இப்போது தடுப்பதற்கு ஆளில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் குனிந்து பார்த்தார். அப்புறம் மகளின் பக்கமாக நகர்ந்து வந்தார்.

"ஏம்மா," என்றார் மெல்ல, "எல்லாம் பொம்பளைப் பட்டாளமா?"

"ஏன் மாமா?"

"பொத்தான் அந்தப் பக்கம் வச்சிருக்கே. அது லேடீஸ் கட்டிங்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் காலணிகள் கழற்றும் சத்தம் கேட்டது. ஆறு பேர். சட்டைப் பையில் சங்கத்தின் சின்னம், கையில் கட்டிய கறுப்புத் துணி. முன்னால் செயலாளர். குழந்தையைத் தூக்கி வருவதைப் போல இரண்டு கையிலும் அந்தக் குழலை ஏந்தி வந்தார். தையல்காரரின் கடைசி வார்த்தைகள் அவர் காதில் விழுந்துவிட்டன.

இதற்காகவே பிறந்தவர் அவர். ஜெனரலின் கட்டுரைக்கு முன்னுரை எழுதியதும், மூன்று ஊர்ச் சங்கங்களில் போய் இடக்கைப் படை பற்றிச் சொற்பொழிவாற்றியதும் இவர்தான். பிணத்தின் தலைமாட்டில் நின்றபடி தையல்காரருக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்தினார். இடக்கையால் வாளை உருவும்போது கோட்டின் விளிம்பு தடுக்கக்கூடாது. அதனால் பொத்தான் பக்கம் மாறுகிறது. இது ராணுவ விஞ்ஞானம். ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

"அப்படிங்களா," என்றார் தையல்காரர். "நானும் நிறைய இடக்கைக்காரங்களுக்குத் தைச்சிருக்கேன். எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் வச்சேன். யாரும் சண்டைக்குப் போகல, அதான் புகார் வரல போல."

செயலாளர் அவரை மன்னித்துவிட்டு, அரக்கை உடைக்கக் கத்தி கேட்டார்.

மகள் முன்னால் வந்தாள். "சார், அதைப் பிரிக்காமலே அப்பா கூட அனுப்பிடலாமே. பெட்டிக்குள்ள, பக்கத்துல. அவருக்கு அது மரியாதையா இருக்கும்."

"பிரிக்காத அத்தாட்சி அத்தாட்சி ஆகாதும்மா," என்றார் செயலாளர். "யார் சொன்னதுன்னு நினைக்கிறீங்க?" என்று பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினார்.

கத்தியை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள்.

அரக்கு உடைந்தது. மேல் மூலைகளைப் பொருளாளரும் தணிக்கையாளரும் பிடித்துக்கொண்டார்கள். மற்ற மூவரும் எதிரே நின்று ஒப்பிட வேண்டியிருந்ததால், கீழே இடது மூலையைத் தையல்காரரையே பிடிக்கச் சொன்னார்கள். துணி பிடித்துப் பழகிய கை, சுருக்கமில்லாமல் பிடித்தார். வலது மூலையைச் செயலாளர் வைத்துக்கொண்டார். பதினைந்து வருடம் சுருண்டு கிடந்த தாள் முரண்டு பிடித்து, பிறகு விரிந்தது.

சுவரில் இருந்த அரசர் சமையலறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். தாளில் இருந்த அரசர் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கீழே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் கேட்டது. மகள் சுவரையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. செயலாளரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் பழக்கம். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிப் பார்த்துவிட்டு, வெளியே காத்திருக்கிற வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் நின்று யோசிக்கும் டாக்டரின் முகம். அவர் கண்கள் வாள்களில் ஓடின, உறைகளில் ஓடின, பொத்தான்களில் ஓடின. பிறகு தம் கை பிடித்திருந்த மூலைக்கு வந்தன. அங்கே கறுப்பு மையில் சின்னதாக ஒரு பெயர், கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிற மாதிரி. மூன்று ஊர்ச் சொற்பொழிவும் ஒரு முன்னுரையும் அவர் தொண்டையில் ஏறி இறங்குவது தெரிந்தது.

அவருடைய கட்டைவிரல் அரை அங்குலம் நகர்ந்து அந்த எழுத்தின் மேல் உட்கார்ந்தது.

"உறுப்பினர்களே," என்றார், தலைமையாசிரியர் குரலில். "வருந்தத்தக்க ஒரு செய்தி. அருங்காட்சியகம் இந்தப் பிரதியை இடம் வலம் மாத்தி அச்சடிச்சிருக்கு."

"அதானே பாத்தேன்," என்றார் பொருளாளர் உடனே. அவர் எதையும் பார்த்திருக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் இப்படியொரு பொறுப்பின்மையா என்று தணிக்கையாளர் கொதித்தார். கடுமையான கண்டனக் கடிதம் எழுதுவது என்று அங்கேயே, பெட்டியின் கால்மாட்டில், தீர்மானம் நிறைவேறியது. துணைத்தலைவர் வழிமொழிந்தார். தேர்தலில் தோற்றவர் மட்டும் கழுத்தை நீட்டினார்.

"ஓவியர் கையெழுத்து எங்கயாவது இருக்குமே. அது திரும்பி விழுந்திருக்கான்னு பாத்துட்டா, கடிதத்துல எழுத வசதியா இருக்கும்."

"இந்த அச்சுல கையெழுத்தே விடுபட்டிருக்கு," என்றார் செயலாளர். கட்டைவிரல் நகம் அழுத்தத்தில் வெளுத்திருந்தது. "அதையும் கடிதத்துல சேத்துக்குங்க."

தாளைச் சுருட்டும்போதும் அவர் அந்த விரலை எடுக்கவில்லை. விரலோடு சேர்த்தே சுருட்டி, கடைசியில் உருவிக்கொண்டார். சான்றிதழில் 'குறையில்லை' என்று எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு, ஜெனரலின் கைக்கடியில் வைத்தார்கள். மகள் பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. எல்லோரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

வண்டி நாலு மணிக்குச் சொன்னபடி வந்தது. ஜெனரல் உயிரோடிருந்தால் பாராட்டியிருப்பார். பெட்டியைப் படிக்கட்டில் இறக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் பின்தங்கி, மகளின் பக்கத்தில் வந்து நின்றார். குழலை நீட்டினார்.

"பீரோவுல இடம் பத்தலம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்." ஒரு படி இறங்கினார். "சுருட்டியே இருக்கட்டும்."

"சரிங்க சார்."

"உங்க ஆஸ்பத்திரியில, எக்ஸ்ரேல, இப்படித் திரும்பிப் போறது உண்டா?"

"உண்டு சார். தெரியறதுக்குன்னே ஓரத்துல ஒரு எழுத்து போட்டு வைப்போம்."

"ஓ." அவர் தம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். அதில் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது. கையில் கட்டியிருந்த கறுப்புத் துணியிலேயே துடைத்துக்கொண்டு, "அப்ப உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எல்லாம் முடித்து அம்மாவும் மகளும் வீடு திரும்பியபோது மணி ஆறு. இன்னும் வெளிச்சம் இருந்தது. தையல்காரர் வீட்டிலிருந்து ரொட்டியும் முட்டையும் ஒரு ஃபிளாஸ்க் டீயும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மகள் பழக்கத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போனாள்.

"இங்க வா," என்றாள் அம்மா.

அவள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு விரலால் அரசரைக் குதிரையோடு தூக்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். பிறகு முழங்கையால் இடப்பக்கத்துக் குதிரைப்படையை மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். ரம்பத்தால் அறுபட்டு இடம் மாறி ஒட்டப்பட்ட அத்தனை கைகளும் வாளோடு பின்வாங்கின. இரண்டு தட்டு வைக்க இடம் கிடைத்தது. நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மேசை உயரம் மகளுக்குப் புதிதாக இருந்தது. முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள்.

"அந்த வாத்தியார் கட்டைவிரலை எடுக்கவே இல்ல, பாத்தியா," என்றாள் அம்மா.

மகள் மெல்லுவதை நிறுத்தினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"படத்தை வாங்கினதே நான்தானே." அம்மா முட்டையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை மகளின் தட்டில் வைத்தாள். "அச்சாகும்போது மாத்தி விழுந்திடுச்சாம். சட்டம் போடுறவர் மூலையில தூக்கிப் போட்டு வச்சிருந்தாரு. பேரு மட்டும் திரும்பித் தெரியுது, அகலச் சட்டமாப் போட்டா மறைஞ்சிடும்னாரு. போடச் சொன்னேன்."

"அப்பாகிட்ட சொல்லலியா நீ?"

"அன்னிக்கே சொல்ல வாயைத் தொறந்தேன். 'குறுக்க பேசாதே, பாத்துட்டிருக்கேன்'னாரு." அம்மா டீயை ஊதினாள். "சரி, பாத்து முடிக்கட்டும்னு இருந்தேன்."

ஜன்னலிலிருந்து காற்று வந்தது. இன்னும் பீடத்தில் ஒட்டாத, பாதி நீலம் பூசிய முரசுக்காரன் அசைந்து, சாய்ந்து, மேசைமேல் விழுந்தான். சின்னதாக ஒரு சத்தம். இருவரும் பார்த்தார்கள். யாரும் எழுந்து நிமிர்த்தவில்லை.

"எவ்வளவு கொடுத்தே அதுக்கு?" என்று கேட்டாள் மகள்.

"சட்டத்துக்கு மட்டும்தான் காசு வாங்கினாரு," என்றாள் அம்மா. "படம் சும்மா."